மூடுபனிக் காலத்தில் சாலையோரப் பறவை நோக்கல்

கங்கைச் சமவெளியில் பறவைகளைக் காண்பதற்கு மிகச் சிறந்த பருவமும், சாலையில் நிற்பதற்கு மிக ஆபத்தான பருவமும் ஒன்றே. டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடக்கிலிருந்து வலசை வந்த வாத்துக்களும் உள்ளான்களும் நீர்நிலைகளில் நிறைந்துள்ளன. 1987 முதல் நடைபெற்றுவரும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் ஜனவரியிலேயே நிகழ்கிறது. விடியற்கால மூடுபனி சாலைகளை மறைப்பதும் அவ்வாரங்களில்தான்.

பறவைகள் சாலையோரத்தை நாடுவதற்குக் காரணம் உண்டு. பனங்காடை, கரிச்சான், கீச்சான் முதலியன கம்பிகளின்மேல் அமர்ந்து கீழேயுள்ள பூச்சிகளைக் குறிபார்க்கின்றன. சாலைக்கு மண் எடுத்த பள்ளங்களில் நீர் தேங்கி நாரைகளுக்கு இரை கிடைக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் எடாவா, மைன்புரி மாவட்டங்களில் ஆள் உயரம் நிற்கும் சாரஸ் இணைகளைச் சாலையிலிருந்தே காணலாம். (தெற்கே இப்பறவை வாழ்வதில்லையாதலால் வடநாட்டுப் பெயரையே ஆண்டுள்ளோம்.) ஆகவே சாலையை அறவே தவிர்க்குமாறு களப்பணியாளரிடம் கூறுவதில் பயனில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடந்துவிடுகிறது. ஓட்டுநர் உம்மைக் கண்டு தடையை மிதிப்பதற்குள் ஒன்றரை வினாடி சென்றால், 25 மீட்டர் கழிந்துவிடும். மிதித்த பின்னரும், பனியால் நனைந்த சாலையில் வண்டி நிற்க மேலும் 30 மீட்டருக்குக் குறையாது. 50 மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியாத நிலையையே வானிலைத் துறை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. அந்நிலையில் உம்மைக் கண்டுவிட்ட ஓட்டுநராலும் உம்மைக் காப்பாற்ற இயலாது. பனி விலகும்வரை சாலையில் இறங்காதிருப்பதே முறை. பனியில் பறவையும் தெரியப்போவதில்லை.

பனி விலகியபின் வேறோர் இடர் உண்டு. நடைபாதையில்லாத சாலையில் வலப்புற ஓரமாக, எதிர்வரும் வண்டிகளைக் கண்டவாறு நடக்கவேண்டும் என்பது சரியே. ஆயினும் பறவையின் நிறம் தெளிவாகத் தெரியவேண்டிச் சூரியனை முதுகுப்புறம் வைத்துக்கொள்வது நம் வழக்கம். காலையில் அவ்வாறு மேற்கு நோக்கிச் செல்பவருக்கு எதிரே வரும் ஓட்டுநரின் கண்களில் அதே சூரியன் நேராகப் பாய்கிறது. நமக்கு ஒளி மிக நன்றாக அமைந்த இடத்தில் அவர் குருடரைப் போன்றவர்.

பைனாகுலரைக் குறித்துச் சற்று விரிவாகக் கூறவேண்டும். எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியில், 100 மீட்டர் தொலைவில் 12, 13 மீட்டர் அகலமே தெரியும். பக்கங்களைக் காணும் இயல்பான பார்வை மறைந்துவிடுகிறது. அதனினும் கெடுதல், மனமும் அந்த வட்டத்திற்குள் ஒடுங்கிவிடுவதாகும். பறவை நகர, நோக்குபவர் தம்மையறியாமல் ஓரிரண்டு அடி பின்வைக்கிறார். அந்த அடிகள் தார்ப்பரப்பில் விழுகின்றன. காதை நம்புவதற்குமில்லை, மின்சார ரிக்ஷாக்கள் ஓசையின்றி வருகின்றன. ஆதலால் முதலில் சாலையைவிட்டு இறங்கி நின்று, அதன் பின்னரே கருவியை உயர்த்துக. நடந்துகொண்டே நோக்குதல் கூடாது.

மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர், ஒருவரையேனும் பைனாகுலர் கொடாமல் சாலையை மட்டும் கவனிக்க நியமித்து, கால் மணிக்கு ஒரு முறை ஆளை மாற்றுவது நலம். எப்போதும் ஒரே சிறுவனை நிறுத்தினால் அவன் தானும் பறவையைத்தான் பார்ப்பான்.

மோட்டாரில் செல்வோர் நான்கு சக்கரங்களும் தார்ப்பரப்பைவிட்டு விலகும்படி நிறுத்தி, வயற்பக்கக் கதவின் வழியே இறங்குக. ஓட்டுபவர் பறவை தேடலாகாது. மேற்கு மாவட்டங்களில் கரும்பு ஏற்றிய டிராக்டர் வண்டிகளைப் பற்றித் தனியாக எச்சரிக்கவேண்டும். சுமை வண்டியின் இருபுறமும் நீண்டிருப்பதால், சக்கரம் விலகிச் சென்றாலும் கரும்பு ஆளைத் தாக்கக்கூடும். பின்விளக்கு இல்லாதவையும் பல.

கால்வாய்க் கரைப்பாதை அருகிலிருப்பின், அனுமதி பெற்று அதனையே பயன்படுத்துக. அங்கே போக்குவரத்துக் குறைவு. சாரஸ் இணைகளும் அத்தகைய கரையோர வயல்களில் மேய்வதுண்டு.