நகர வீதியும் மரநிழலும்: மெடெலின் நகர அனுபவம்

நகர வீதிகளில் மரம் நாட்டுவதை வெறும் அழகுபடுத்தல் முயற்சியாக நோக்கும் போக்குப் பரவலாக நிலவுகின்றது. ஆயின், வெயிலில் நடப்போருக்கும் வீதியிலேயே தொழில் செய்து பிழைப்போருக்கும் நிழல் அடிப்படைத் தேவையாகும். கொலம்பிய நாட்டின் மெடெலின் நகர அனுபவம் இதனைத் தெளிவுபடுத்துகின்றது.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த அபுரா பள்ளத்தாக்கில் இந்நகரம் அமைந்துள்ளது. மிதமான தட்பவெப்பம் காரணமாக ‘நித்திய வசந்த நகரம்’ எனப் பெயர் பெற்றது. எனினும், நகரம் பெருகியபோது தாரும் கொங்கிறீற்றும் மண்ணை மூடின. இவை பகலில் உறிஞ்சும் வெப்பத்தை இரவிலும் வெளிவிடுவன. வாகனப் புகையும் பள்ளத்தாக்கினுள் தேங்கியது.

இந்நிலையில், 2016ஆம் ஆண்டில் மாநகர நிர்வாகம் பசுமை வழித் திட்டத்தைத் தொடங்கியது. 18 வீதிகளும் 12 நீரோடைக் கரைகளுமாக 30 வழிகள் உருவாக்கப்பட்டன. நகரின் நடுவே செல்லும், வாகன நெரிசல் மிக்க ஓரியென்டல் பெருவீதியும் அவற்றுள் ஒன்றாகும். மரங்களின் கீழே செடிகளும், அவற்றின் கீழே நிலத்தை மூடும் பூண்டுகளும் எனக் காட்டின் இயல்பையொட்டிப் படைபடையாக நடப்பட்டன.

இதன் பயன் எவ்வாறு விளைகின்றது? நிழல், தார்ப்பரப்புச் சூடேறுவதைத் தடுக்கின்றது. ஆவியுயிர்ப்பின்போது நீர் ஆவியாவதற்கு வேண்டிய வெப்பம் சூழலிலிருந்தே பெறப்படுவதாற் காற்றுக் குளிர்கின்றது. இலைகள் தூசைப் பிடிக்கின்றன. திறந்த மண் மழைநீரை உள்வாங்குகின்றது. இவ்வழிகளில் வெப்பநிலை ஏறத்தாழ 2 பாகை செல்சியசு குறைந்ததென நகர நிர்வாகம் அறிவித்தது. 2019ஆம் ஆண்டில் இத்திட்டம் அஷ்டன் பரிசையும் பெற்றது.

இதன் சமூகப் பக்கமும் கருதத்தக்கது. வாய்ப்புக் குறைந்த பின்னணியிலிருந்து வந்த 75 பேர் நகரின் தாவரவியற் பூங்காவிற் பயிற்சி பெற்றுப் பராமரிப்பாளராயினர். நாட்டுவிழாவுடன் கைவிடப்படும் கன்று பட்டுப்போகும். ஆண்டு முழுவதும் பராமரிக்கும் கைகளே அதனை மரமாக்குகின்றன. அக்கைகளுக்கு ஊதியம் வழங்குவதும் திட்டத்தின் பகுதியேயாகும்.

குளிரூட்டி, அறையின் வெப்பத்தை வீதியிற் கொட்டுகின்றது. அறைக்குள் இருப்பவர் பெறும் குளிர்ச்சிக்கான விலையை நடைபாதை வியாபாரி செலுத்துகின்றார். மரநிழலோ கட்டணமின்றி அனைவருக்கும் பொதுவானது. ஆயினும், பசுமை பெற்ற இடத்தில் நிலமதிப்பும் வாடகையும் உயர்ந்து, வறியோர் வெளியேற்றப்படும் அபாயமும் உண்டு. ஆகவே, நாட்டிய மரங்களின் எண்ணிக்கையைக் கூறுவதோடு நகரத் திட்டமிடல் நிறைவுறலாகாது. எவர் நடக்கும் வீதியில் அவை நிற்கின்றன, எவர் அவற்றைப் பேணுவர், அந்நிழலில் எவர் தொடர்ந்து வாழ இயலும் என்னும் வினாக்களுக்கும் அது விடை கூறல் வேண்டும்.