சிலந்தி மேல் பழி வேண்டாம்!

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கத்தில் சிப்காட் தொழிற்பேட்டையும் உண்டு, பெரிய ஏரியும் உண்டு. ஏரிப் பக்கத்துப் பூச்சிகள் விளக்கை நாடி வீட்டுக்குள் நுழைகின்றன. அவற்றைத் தின்னச் சிலந்தி வருகிறது. ஆக, அதை அழைப்பது நம் வீட்டு விளக்குதான்!

சுவரில் கையகலம் கால் பரப்பி நிற்குமே, அந்தப் பெரிய சிலந்தி வலை கட்டாது. இரவில் ஓடிக் கரப்பான் பூச்சியைப் பிடிக்கும். வயிற்றின் கீழ் வெள்ளை வில்லை போல் சுமப்பது முட்டைப் பை.

"எட்டுக்கால் பூச்சியின் சிறுநீர் பட்டால் கொப்புளிக்கும்" என்பார்கள் பாட்டிமார். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்! மழைக்காலத்தில் விளக்கைத் தேடி வரும் ஒருவகைச் சிறு வண்டைத் தோலில் நசுக்கினால் அப்படிக் கொப்புளிக்கும். உடம்பின் ஒரு பக்கம் மட்டும், வலியோடு பட்டையாகக் கிளம்பினால் அது அக்கியாக இருக்கலாம். காவி பூசி நாளைக் கடத்தாதீர்கள். 3 நாட்களுக்குள் டாக்டரிடம் காட்டுவது உத்தமம்.

அடுக்களையில் பூச்சிமருந்து வேண்டாம். வாரம் ஒருமுறை ஒட்டடை அடியுங்கள். ஜன்னலுக்குக் கொசுவலை, வாசலுக்கு மஞ்சள் விளக்கு போடுங்கள். எச்சில் பாத்திரங்களை இரவே கழுவிவிடுங்கள். உள்ளே வந்துவிட்ட சிலந்தியை டம்ளரால் மூடி, அடியில் அட்டையைச் செருகி, தோட்டத்தில் விட்டுவிடலாம். இரை இல்லாத வீட்டில் சிலந்திக்கு என்ன வேலை?