குறுகிய தண்டுவடக் குழாயும் அறுவை சிகிச்சை பற்றிய அச்சங்களும்

கீழ்முதுகில் நரம்புகள் இறங்கிச் செல்லும் எலும்புக் குழாய், முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க் எனும் இடைத்தட்டுகள் வயதால் புடைப்பதாலும், மூட்டுகள் தடிப்பதாலும், தசைநார் பருத்து உட்புறமாக மடிவதாலும் குறுகிவிடும் நிலை, தண்டுவடக் குழாய்ச் சுருக்கம் எனப்படுகிறது. நெதர்லாந்தின் நரம்பறுவை மருத்துவர் ஹென்க் வெர்பீஸ்ட் 1954இல் இதனை விளக்கி எழுதினார். நடந்தாலோ நின்றாலோ கால்கள் கடுத்து மரத்துப்போவதும், உட்கார்ந்தாலோ முன்குனிந்தாலோ அது தணிவதும் இந்நோயின் அடையாளங்கள். குனியும்போது குழாய் சற்றே விரிவதால், சிறிது தூரம்கூட நடக்க இயலாதவரால் நெடுநேரம் சைக்கிள் மிதிக்க முடிகிறது.

அறுவை சிகிச்சை என்றவுடன் நோயாளியின் மனத்தில் முதலில் எழுவது கால்கள் செயலிழந்துவிடுமோ என்னும் அச்சமே. தண்டுவடம் முதலாவது அல்லது இரண்டாவது இடுப்பு முள்ளெலும்பின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது; சுருக்கமோ பெரும்பாலும் அதற்குக் கீழே, நான்காம் ஐந்தாம் முள்ளெலும்புகளின் இடையே நேர்கிறது. அங்கே இருப்பவை குதிரைவால் போலத் தொங்கும் நரம்பு வேர்கள் மட்டுமே என்பதால், இரு கால்களும் முற்றிலும் செயலிழப்பது மிக அரிது. கழுத்துப் பகுதிச் சுருக்கத்துக்கு இந்த ஆறுதல் பொருந்தாது. அங்கு தண்டுவடமே நெருக்கப்படுகிறது. கீழ்முதுகு அறுவையில் உண்மையில் அடிக்கடி நேர்வது நரம்புகளைச் சூழ்ந்த டூரா உறை கிழிவது. அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வொன்றில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பேருக்கு இது நிகழ்ந்தது. பெரும்பாலும் அப்போதே தைத்துவிடலாம். முதுமை மட்டுமே அறுவைக்குத் தடையாவதில்லை. இதயமும் நுரையீரலும் எந்நிலையில் உள்ளன என்பதே முக்கியம்.

இரண்டாவது அச்சம் திருகுகளைப் பற்றியது, இது நியாயமானதும்கூட. நரம்பை அழுத்தும் எலும்பையும் தசைநாரையும் நீக்கி இடம் உண்டாக்குவது அடிப்படை அறுவை. அதனுடன் திருகுகளும் கம்பிகளும் பொருத்தி முள்ளெலும்புகளை ஒன்றாக இணைப்பது கூடுதல் அறுவை. 50 முதல் 80 வயதுவரையிலான 247 பேரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான சுவீடன் ஆய்வில், ஈராண்டுகளுக்குப் பின், அடிப்படை அறுவை மட்டும் பெற்றோர், இணைப்பும் சேர்த்துப் பெற்றோர் ஆகிய இரு பிரிவினரின் நலத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. இணைப்பு செய்துகொண்டவர்களுக்கோ மருத்துவமனையில் சராசரியாக மூன்று நாட்களுக்கும் மேல் கூடுதலாகத் தங்க நேர்ந்தது. ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின்மேல் முன்னோக்கி நழுவியிருந்த 267 பேரை ஆராய்ந்த நார்வே ஆய்வும் (2021), இணைப்பின்றிச் செய்த அறுவை பின்தங்கிவிடவில்லை என்றே கண்டது. நழுவல் மிகுந்தோ முதுகுத்தண்டு வளைந்தோ இருப்போருக்கு இணைப்பு தேவைப்படலாம்; ஆனால் அது எதற்காக என்று கேட்டுத் தெளிவது நோயாளியின் உரிமை.

நோயாளிகள் போதிய அளவு கேட்காத கேள்வி ஒன்று உண்டு: எந்த வலி தீரும்? அழுத்தம் நீங்குவதால் நன்கு தணிவது கால்வலியும் நடைத் தடையுமே. மூட்டுத் தேய்மானத்தால் வரும் முதுகுவலி பெரும்பாலும் எஞ்சிவிடுகிறது. நெடுநாள் மரத்துக் கிடந்த பாதத்தில் உணர்வு முழுதாகத் திரும்பாமலும் போகலாம். இதனை முன்னரே அறியாதவர், நன்றாக முடிந்த அறுவையையும் தோல்வி என்று கருதிவிடுகிறார். எம்.ஆர்.ஐ. படத்தில் கடுமையான சுருக்கம் தெரிந்தும் தொல்லையே இல்லாதோர் பலர் உண்டு; ஆகவே படத்தை மட்டும் நம்பி அறுவைக்குச் செல்வது சரியன்று.

அவசரமும் பொதுவாக இல்லை. பிட்ஸ்பர்க்கில் அறுவைக்கு ஒப்புக்கொண்டிருந்த 169 பேரை இரு பிரிவாக்கி 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஈராண்டு முடிவில் உடற்பயிற்சிப் பிரிவினரும் அறுவைப் பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். ஆயினும் பயிற்சிப் பிரிவில் பாதிக்கும் மேற்பட்டோர் இடையில் அறுவைக்கு மாறிவிட்டதால், பயிற்சியே போதும் என்று அதிலிருந்து முடிவுகட்ட இயலாது. காத்திருந்து முடிவெடுக்க வாய்ப்பு இருக்கிறது என்பதையே அது காட்டுகிறது. சிறுநீர் கழிக்க இயலாமையோ, மலத்தை அடக்க இயலாமையோ, பிறப்புறுப்பைச் சுற்றி உணர்வின்மையோ, கால்களில் விரைந்து பெருகும் பலவீனமோ தோன்றினால் மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது; அன்றே மருத்துவமனைக்குச் சென்றாக வேண்டும்.