அடியைப் பிடிக்கும் டிரிக்கர்

ராக், மெட்டல் இசைக்குழுக்களின் மேடையில் பேஸ் டிரம்மின் விளிம்பை உற்றுப் பார்த்தால், தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய ஒரு கருவி அதைக் கவ்விக்கொண்டிருப்பது தெரியும். இதுதான் டிரிக்கர். இதிலிருந்து ஒரு கேபிள் மாட்யூல் என்ற மின்னணுப் பெட்டிக்குப் போகிறது. கலைஞர் மிதிப்பது மரத்தால் ஆன அசல் டிரம்தான். ஆனால் ஸ்பீக்கரில் அந்த டிரம்மின் சொந்த ஒலியோடு மாட்யூலில் சேமித்து வைத்த இன்னொரு ஒலியும் சேர்ந்து வரும். நம் ஊர் மெல்லிசைக் கச்சேரிகளில் ரப்பர் பரப்பைத் தட்டி வாசிக்கும் ரிதம் பேடிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான்: இதில் டிரம் தன் இடத்திலேயே இருக்கிறது.

டிரிக்கருக்குள் இருப்பது பீசோ வட்டு. சில படிகங்களை அழுத்தினால் மின்னேற்றம் உண்டாகும் என்பதை 1880இல் ஜாக் கியூரியும் பியர் கியூரியும் கண்டறிந்தார்கள். அதே விளைவுதான் இங்கும் வேலை செய்கிறது. தோல் அதிரும்போது வட்டு நெளிகிறது. ஒரு சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. மைக் காற்றில் வரும் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். பக்கத்து சிம்பலும் கிட்டாரும் அதற்குள் புகுந்துவிடும். டிரிக்கரோ தான் தொட்டிருக்கும் தோலின் அதிர்வைத்தான் முதன்மையாக உணர்கிறது.

உண்மையான சவால் அதற்குப் பிறகு வருகிறது. ஒருமுறை அடித்த தோல் உடனே அடங்காது, அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அலைகளில் எது அடி, எது அடியின் மிச்சம் என்று மாட்யூல் முடிவு செய்தாக வேண்டும். முதலில் ஒரு குறைந்தபட்ச அளவை வைக்கிறார்கள்; அதற்குக் கீழே வரும் அதிர்வு கணக்கில் இல்லை. அளவைத் தாண்டியதும் மாட்யூல் ஓரிரு மில்லிசெகண்ட் காத்திருந்து, அலையின் உச்சத்தைப் பார்த்து அடியின் வலுவை அளக்கிறது. பிறகு சிறிது நேரம் எதையும் கேட்க மறுக்கிறது. இந்த மறுப்பு நேரம் குறைந்தால் ஓர் அடி இரண்டாக ஒலிக்கும்; கூடினால் வேகமான உருட்டலில் அடிகள் காணாமல் போகும். இரண்டுக்கும் நடுவில் சரியான புள்ளியைக் கண்டுபிடிக்கும் பொறுமைதான் இந்தத் தொழில்நுட்பத்தின் பாதி.

அடியின் வலுவை 1 முதல் 127 வரையிலான ஓர் எண்ணாக எழுதும் மிடி மொழி 1983இல் வந்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே அறுகோணப் பேடுகள் கொண்ட சிம்மன்ஸ் எஸ்டிஎஸ்-5 மின்னணு டிரம் மேடையேறிவிட்டது.

மின்னணுவும் டிரம்ஸும் சேர்ந்தால் என்ன சாத்தியம் என்பதற்கு டெஃப் லெப்பர்ட் ராக் குழுவின் டிரம்மர் ரிக் ஆலனைவிடப் பெரிய சான்று எனக்குத் தெரியவில்லை. 1984 டிசம்பர் 31 அன்று நடந்த கார் விபத்தில் அவர் இடக்கையை இழந்தார். அந்தக் கை வாசித்த அடிகளை இடக்காலால் மிதிக்கும் மின்னணு பெடல்களுக்கு மாற்றி, 1986இல் இங்கிலாந்தின் டானிங்டன் மேடைக்குத் திரும்பினார். பெடல் அடியை அறிவித்தால் போதும், ஸ்னேர் டிரம்மின் ஒலியை மாட்யூல் தரும். ஆனால் ஒரு கையின் தாளத்தைக் காலுக்குக் கற்றுக்கொடுத்த உழைப்பு முழுக்க அவருடையது.

எல்லா டிரம்மிலும் டிரிக்கரை மாட்ட வேண்டியதில்லை. பேஸ் டிரம்முக்கு அது நன்றாகப் பொருந்தும்: அங்கே தேவை ஒரே சீரான, தெளிவான அடி. இரட்டை பெடலில் வேகமாக வாசிக்கும்போது தேய்ந்துபோகும் அடிகள்கூடத் தெளிவாகக் கேட்கும். ஸ்னேர் அப்படியல்ல. குச்சியின் நுனி லேசாக உரசும் அடி, விளிம்பில் தட்டும் அடி, பிரஷ்ஷின் வருடல் ஆகியவற்றில் மாறுவது வலு மட்டுமல்ல, ஒலியின் குணமே. அதை ஓர் எண்ணால் சொல்லிவிட முடியாது. தொங்கியபடி ஆடி நீண்ட நேரம் அதிரும் சிம்பலில் டிரிக்கரை மாட்டுவது இன்னும் கடினம்.

ஸ்னேரின் இயல்பான ஒலியைத் தொடாமலே டிரிக்கரைப் பயன்படுத்தவும் வழி உண்டு. டிரிக்கரின் சமிக்ஞையை ஒலியாக்காமல், மைக்கின் பாதையில் இருக்கும் கேட் கருவிக்கு அனுப்புவார்கள். அடி விழும்போது மட்டும் கேட் திறக்கும்; மற்ற நேரம் மூடியிருக்கும். அடிகளுக்கு இடையே சிம்பலின் இரைச்சல் உள்ளே வராது. கேட்பது முழுக்க அந்த ஸ்னேரின் சொந்தக் குரல்தான். எனக்கு மிகவும் பிடித்த பயன்பாடு இதுவே.