கடைமடைக்கு வராத ஒலி

கம்ப்யூட்டரில் லினக்ஸ் நிறுவியாயிற்று. வீடியோ ஓடுகிறது, வால்யூம் நூறில் நிற்கிறது, ஸ்பீக்கரில் மட்டும் சத்தமே இல்லை. உபுண்டு, மின்ட், டெபியன் என்று எந்த டிஸ்ட்ரோவை, அதாவது லினக்ஸ் வகையை, பயன்படுத்துகிறவர்களுக்கும் இது நேரலாம். பலர் உடனே எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி நிறுவத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் அது வீண் வேலை. கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் விவசாயி வாய்க்காலோரமாக நடந்து, எந்த மடை அடைபட்டிருக்கிறது என்று பார்ப்பார். லினக்ஸில் ஒலி வரும் வழியையும் அப்படி நடந்து பார்க்கலாம்.

அந்த வழி நான்கு கட்டங்கள் கொண்டது. பிரவுசரோ பிளேயரோ முதலில் பாட்டுக் கோப்பை எண்களாக விரிக்கிறது. ஒலியலையின் ஏற்ற இறக்கத்தை வழக்கமாக விநாடிக்கு 48,000 முறை அளந்து குறித்த எண்கள் அவை. பல நிரல்களிலிருந்து வரும் இந்த எண்களைக் கலந்து, எந்த வாசல் வழியே அனுப்புவது என்று முடிவு செய்வது ஒலி சர்வர். அதற்குக் கீழே, லினக்ஸின் மையமான கர்னலுக்குள், அல்சா என்ற டிரைவர் தொகுப்பு. கடைசியில் மதர்போர்டில் ஒட்டியிருக்கும் கோடெக் சிப், எண்களை மின்னழுத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்குத் தள்ளுகிறது.

இத்தனை அடுக்கு எப்படி வந்தது? செக் நாட்டைச் சேர்ந்த யாரோஸ்லாவ் கிசெலா, கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் என்ற ஒரே ஒரு சவுண்ட் கார்டுக்கு எழுதத் தொடங்கிய டிரைவரிலிருந்து வளர்ந்ததுதான் அல்சா. 2003 கடைசியில் வெளியான 2.6 கர்னலில் அதுவே முதன்மையான ஒலி அமைப்பானது. அதன்மேல் லென்னார்ட் போட்டரிங் எழுதிய பல்ஸ்ஆடியோ சர்வர் 2007-இல் ஃபெடோரா 8-இலும், மறு ஆண்டு உபுண்டுவிலும் இடம்பிடித்தது. இப்போது விம் டேமன்ஸ் உருவாக்கிய பைப்வயரின் காலம். 2021-இல் ஃபெடோரா 34 அதற்கு மாறியது, 2022-இல் உபுண்டு 22.10 மாறியது.

இந்த வரலாறு தெரியாமல் இணையத்தில் கிடைக்கும் பழைய யோசனைகளைப் பின்பற்றுவது ஆபத்து. பல்ஸ்ஆடியோவுக்காக எழுதிய கட்டளைகளை, பைப்வயர் ஓடும் கணினியில் வரிசையாக அடித்து, நன்றாக இருந்ததையும் கெடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. டெர்மினலில் ‘பேக்டல் இன்ஃபோ’ என்று கேட்டால், ஓடுவது எந்த சர்வர் என்று அதுவே சொல்லிவிடும். முதல் வேலை இதுதான்.

அடுத்து வாசலைப் பார்க்க வேண்டும். மானிட்டரை எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். அந்த கேபிள் படத்தோடு ஒலியையும் சுமக்கும் என்பதால், லினக்ஸ் அதையும் ஒரு ஒலி வாசலாகவே கருதுகிறது. பல மானிட்டர்களிலோ ஸ்பீக்கரே இருக்காது! ‘பாவு கன்ட்ரோல்’ என்ற சிறிய நிரலை நிறுவி, ஏதாவது ஒரு பாட்டை ஓடவிட்டுப் பாருங்கள். பாட்டுக்கு நேராக உள்ள அளவுப் பட்டை துள்ளினால் பிளேயர் தன் வேலையைச் செய்கிறது என்று பொருள். எந்த வாசலுக்குப் போகிறது என்பதை அங்கேயே மாற்றிவிடலாம்.

பட்டை துள்ளுகிறது, வாசலும் சரி, ஆனாலும் மௌனம் என்றால் அல்சாவுக்கு இறங்க வேண்டும். டெர்மினலில் ‘அல்சாமிக்ஸர்’ என்று அடித்தால் முதலில் பெரும்பாலும் ஒற்றைப் பட்டைதான் தெரியும். அது சர்வர் காட்டும் முகப்பு. எஃப்6 விசையை அழுத்தி உண்மையான கார்டைத் தேர்ந்தெடுத்தால் மாஸ்டர், ஸ்பீக்கர், ஹெட்போன் என்று தனித்தனிப் பட்டைகள் எழும். பட்டையின் அடியில் இரண்டு ‘எம்’ எழுத்துகள் இருந்தால் அந்த வழி அடைபட்டிருக்கிறது. எம் விசையைத் தட்டினால் அவை இரண்டு சுழியங்களாக மாறி வழி திறக்கும். ‘ஆட்டோ-மியூட்’ என்ற அமைப்பையும் பார்த்துவிடுவது நல்லது. ஹெட்போன் செருகியிருப்பதாகக் கணினி தவறாக நினைத்தால், ஸ்பீக்கரை அடைத்துவைப்பது அதுதான்.

வாசல்களின் பட்டியலில் ‘டம்மி அவுட்புட்’ என்ற பெயர் மட்டும் தெரிந்தால் கதை வேறு. சர்வருக்கு எந்தக் கார்டுமே கிடைக்கவில்லை. வால்யூமைத் தொட்டுப் பயனில்லை. புதிய இன்டெல் மடிக்கணினிகள் பலவற்றில் ஒலிக்கென்று தனிச் செயலி உண்டு. அதற்குள் ‘சவுண்ட் ஓப்பன் ஃபர்ம்வேர்’ என்ற மென்பொருளை ஏற்றினால்தான் அது விழிக்கும். அந்தத் தொகுப்பு நிறுவப்படாமல் விடுபட்டிருந்தால், ‘டிமெசேஜ்’ கட்டளை காட்டும் கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்ற வரி இருக்கும். டிஸ்ட்ரோவின் களஞ்சியத்திலிருந்து தொகுப்பை நிறுவி, கணினியை மறுபடி தொடங்கினால் பெரும்பாலும் போதும்.

இவை எதற்கும் மசியாத கணினிகளும் உண்டு. கோடெக் சிப்பின் எந்தக் காலில் ஸ்பீக்கரை இணைத்திருக்கிறார்கள் என்பது மாடலுக்கு மாடல் மாறும். பயாஸ் அதைத் தவறாகச் சொல்வதும் உண்டு. இப்படிப்பட்ட மாடல்களுக்கான திருத்தங்கள் கர்னலுக்குள் நீண்ட பட்டியலாகவே இருக்கின்றன. அந்தப் பட்டியல் வளர்வது பயனர்களின் புகார்களால்தான். ‘அல்சா-இன்ஃபோ’ ஸ்கிரிப்டை ஓட்டினால் கார்டு, கோடெக், டிரைவர் விவரம் மொத்தமும் ஒரே கோப்பில் வந்துவிடும். எல்லாம் பார்த்தும் சத்தம் வராதவர்கள் அந்தக் கோப்போடு தங்கள் டிஸ்ட்ரோவுக்குப் புகார் எழுத வேண்டும். அதே மாடல் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் அதனால் ஒலி கிடைக்கும்.