நம்ம நாளுக்கும் ஒரு கணக்கு



குழுவில் நமக்கு எல்லாத்துக்கும் ஒரு புத்தகம் இருக்குது. தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு. அஞ்சு ரூபாய் இடித்தால்கூட கூட்டத்தை முடிக்க விட மாட்டோம். ஆனால் "நேத்து முழுக்க என்ன செஞ்சீங்க?" என்று யாராவது கேட்டால் நம்மில் பாதிப் பேர் சொல்லும் பதில், "என்னத்த செஞ்சேன், சும்மா வீட்லதான் இருந்தேன்."

தன்னை அறிந்துகொள்வது, ஆளுமை வளர்ச்சி என்றெல்லாம் பயிற்சியில் சொல்கிறார்கள். ஏதோ ஊரை விட்டுப் போய் கண்ணை மூடி உட்கார்ந்தால்தான் அது வரும் என்று நினைக்க வேண்டாம். அடுப்படியிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதற்கும் ஒரு கணக்குதான் வழி.

ஒரு தாளில் பெரிய வட்டம் போடுங்கள். 24 மணி நேரத்துக்கு 24 பாகம். பயிற்சிகளில் 'தினசரிக் கடிகாரம்' என்று போடச் சொல்வார்களே, அதுதான். அங்கே அரை மணி நேரத்தில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். வீட்டில் தொடர்ந்து மூன்று நாள் போட்டுப் பாருங்கள். கல்யாணம், திருவிழா வரும் நாள் வேண்டாம், சாதாரண நாளாகவே இருக்கட்டும். 'சமையல்' என்று ஒரே வார்த்தையில் முடிக்காதீர்கள். தண்ணி பிடித்தது, கீரை ஆய்ந்தது, பிள்ளைக்குத் தலை வாரியது, மாமனாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, ஆட்டுக்குத் தழை ஒடித்தது எல்லாம் தனித்தனியாக வரட்டும். இரண்டு வேலை ஒரே நேரத்தில் நடந்தால் இரண்டையும் எழுதுங்கள். எழுத்து வராத அக்காமார் ஒவ்வொரு மணிக்கும் புளியங்கொட்டை வைக்கலாம்.

நம்ம கணக்கோடு நாட்டுக் கணக்கையும் வைத்துப் பாருங்கள். மத்திய அரசின் புள்ளியியல் துறை 2019-லும் 2024-லும் மக்கள் நேரத்தை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று நாடு முழுக்கக் கணக்கெடுத்தது. 2024 கணக்குப்படி, சம்பளம் இல்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். வீட்டு வேலை செய்யும் ஆண்களுக்கு 88 நிமிடம். 2019-ல் இது 299-ம் 97-ம் ஆக இருந்தது. நமக்குப் பத்து நிமிடம் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டால், அவர்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்குது! அதுவும் வேலையில் கை வைத்த ஆண்களின் கணக்குதான் இது. 2019-ல் 6 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் நூற்றுக்கு 81 பேர் வீட்டு வேலை செய்தார்கள், ஆண்களில் 26 பேர்தான்.

'சும்மா' இருப்பதற்கு மதிப்பு உண்டா என்ற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. கணவர் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்பிய பணத்தில் சொத்து வாங்கிய ஒரு வழக்கில், வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் அந்தச் சொத்தில் இருக்கிறது, அவருக்கும் சம பங்கு உண்டு என்று 2023 ஜூன் மாதம் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது.

இந்த வட்டத்தைக் கணவரிடம் சண்டை போடுவதற்கு மட்டும் எடுத்து வைத்துக்கொள்ளாதீர்கள். முதலில் நமக்கு நாமே காட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில், இதை நான் ஏன் செய்தேன் என்று ஒரு வார்த்தை எழுதுங்கள். இங்கேதான் விஷயம் இருக்குது. 'வேற ஆள் இல்லை' என்று சிலது வரும். 'ஆசையா செய்றது' என்று சிலது வரும். 'பையன் தம்ளர் கழுவினா பாதி அழுக்கோட வைப்பான், நானே கழுவிடறேன்' என்றும் வரும். அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "நான் இல்லேன்னா இந்த வீடு ஓடாது" என்று சொல்கிறோமே, அது குறையா, பெருமையா? பல பேருக்கு இரண்டும் கலந்துதான் இருக்கும். வீட்டில் வேறு எந்த மரியாதையும் கிடைக்காதபோது, அடுப்பைப் பிடித்து வைத்துக்கொள்வதில் ஒரு அதிகாரம் இருக்கத்தான் செய்கிறது. மாவு கரைக்கத் தெரியலை என்று நம்ம மாமியார் நம்மைச் சொன்ன அதே வார்த்தை, அதே ராகத்தோடு, இன்றைக்கு மருமகளைப் பார்த்து நம்ம வாயிலிருந்து வந்ததா? அதையும் எழுதுங்கள். இதை யாரும் பார்க்கப் போவதில்லை.

எப்போது, என்ன சாப்பிட்டோம் என்பதையும் குறியுங்கள். எல்லாரும் சாப்பிட்டு முடித்த பிறகு சட்டியில் மிச்சம் இருப்பது நமக்கு. 2019–21-ல் எடுத்த குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்தது சிறுவாட்டுப் பணம். 2016 நவம்பர் 8-ந்தேதி ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்தார்களே, ஞாபகம் இருக்குதா? டிசம்பர் 30 வரைதான் வங்கியில் கட்டலாம் என்றார்கள். அரிசிப் பானையிலும், அஞ்சறைப்பெட்டியிலும், சேலை மடிப்பிலும் இருந்தது எல்லாம் ஒரே வாரத்தில் வெளியே வந்தது. தன் பேரில் கணக்கு இல்லாத பெண்கள் கணவர் கையிலோ மகன் கையிலோ கொடுத்துத்தான் மாற்ற வேண்டியிருந்தது. "இவ்வளவு வச்சிருந்தியா?" என்ற கேள்வியில் சில வீடுகளில் ஆச்சரியம் இருந்தது, சில வீடுகளில் கோபம் இருந்தது.

குழுச் சேமிப்பு எல்லாருக்கும் தெரிந்தது. சிறுவாடு நமக்கு மட்டுமே தெரிந்தது, அதனால் நம்ம மனசை அது நல்லா காட்டும். யாருக்காகச் சேர்த்தேன்? மகளின் தோட்டுக்கு, பள்ளிக் கட்டணத்துக்கு, தாய்வீட்டுச் செய்முறைக்கு. எனக்கென்று ஏதாவது இருந்ததா? ஏன் ஒளித்தேன்? கேட்டால் கொடுத்துவிடுவேன் என்றா, இல்லை, கேட்டால் அடி விழும் என்றா? ஒளித்து வைப்பது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது பல வீட்டில் அந்தப் பணம்தான். ஆனால் ஆசையால் சேர்த்ததா, பயத்தால் சேர்த்ததா என்று நமக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

மூன்று நாள் தாளிலும் 'பயம்' என்ற வார்த்தையே திரும்பத் திரும்ப வந்தால், அது நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துத் தீரும் சமாச்சாரம் இல்லை. அந்தத் தாளை யார் கண்ணிலும் படாமல் பத்திரமாக வையுங்கள். நம்பிக்கையான உறுப்பினர் ஒருவரிடம் பேசுங்கள். 181 என்ற பெண்கள் உதவி எண் இரவு பகல் எந்நேரமும் இருக்கிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்க 2005-லேயே சட்டம் வந்துவிட்டது. நீங்கள் வசிக்கும் வீட்டிலிருந்து உங்களை வெளியேற்ற முடியாதபடி நீதிமன்றத்தில் உத்தரவு வாங்க அதில் வழி உண்டு.

மற்றவர்கள் இன்னொரு வேலையும் செய்யலாம். வீட்டில் எட்டு, பத்து வயதுப் பிள்ளை இருந்தால், உங்கள் தாளைக் காட்டாமல், "அம்மா ஒரு நாள்ல என்னென்ன செய்றேன்னு நீ போடு பார்ப்போம்" என்று ஒரு வட்டத்தைக் கொடுங்கள். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்த மணி இடிக்கிறது என்று பாருங்கள். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது அந்தப் பிள்ளை போட்ட தாளை மட்டும் எடுத்து வாருங்கள். பேர் எழுத வேண்டாம். சேமிப்பு வசூலித்து முடித்ததும் எல்லாத்தையும் பாயில் பரப்பிப் பார்ப்போம்.