காட்டிக்கொடுத்தவன் என்னும் வசதி

புரட்சிக்காரர் ஒருவரின் வாழ்க்கையைச் சொல்ல வரும் படம், காட்டிக்கொடுத்தவனின் கதையாக மாறிப்போவது எதனால்? ஷாகா கிங் இயக்கிய 'ஜூடாஸ் அண்ட் தி பிளாக் மெசையா' (2021) படத்தை முன்வைத்து இதைக் கேட்கிறேன்.

1969 டிசம்பர் 4 விடியுமுன், சிகாகோவில் கருஞ்சிறுத்தைக் கட்சியின் இல்லினாய்ஸ் தலைவர் ஃபிரெட் ஹாம்ப்டனை, போலீசார் வீடு புகுந்து சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 21. போலீஸ் சுட்டவை எண்பதுக்கு மேற்பட்ட குண்டுகள். உள்ளிருந்து சுடப்பட்டது ஒன்று. வீட்டின் வரைபடத்தைப் போட்டுக்கொடுத்தவர் வில்லியம் ஓநீல். கட்சியில் பாதுகாப்புப் பொறுப்பாளர், எஃப்.பி.ஐ.யின் உளவாளி.

இந்த உறவைப் படம் விவிலியச் சட்டகத்துக்குள் வைக்கிறது. ஆனால் 'மெசையா' என்ற சொல் எங்கிருந்து வந்தது? கறுப்பின இயக்கத்தை ஒன்றிணைக்கும் மெசையா ஒருவர் எழுவதைத் தடுக்க வேண்டும் என்று 1968 மார்ச்சில் எஃப்.பி.ஐ. தன் கிளைகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையிலிருந்து. யூதாசும் அதே கோப்பின் தயாரிப்புதான். கார் திருட்டில் சிக்கிய ஓர் இளைஞர் வழக்கைக் காட்டி வளைக்கப்படுகிறார், கட்சிக்குள் அனுப்பப்படுகிறார், கொலைக்குப் பின் 300 டாலர் வெகுமதி பெறுகிறார். இந்த நிர்வாக நடைமுறையை 'துரோகம்' என்ற ஒற்றைச் சொல் தனிமனித ஒழுக்கப் பிரச்சினையாகச் சுருக்கிவிடுகிறது. ஹாம்ப்டனாக நடித்தவர், ஓநீலாக நடித்தவர் இருவருமே ஆஸ்கரில் துணைநடிகர் பிரிவில்தான் நிறுத்தப்பட்டார்கள். நாயகன் இடம் காலி. என் வாசிப்பில், அங்கே உட்கார்ந்திருப்பது அந்தக் கோப்பு.

நமக்கு யூதாஸ் தேவையில்லை, எட்டப்பன் இருக்கிறான். 1799இல் கட்டபொம்மனைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டைத் தொண்டைமான் தரப்பு. தூக்கிலிட்டது மேஜர் பானர்மேன் தலைமையில் வந்த கம்பெனிப் படை. வசவாக நிலைத்ததோ எட்டப்பன் பெயர். 'அடப் பானர்மேன் பயலே' என்று எவரும் திட்டிக் கேட்டதுண்டா?

அரியலூர் மாவட்டத்து விக்கிரமங்கலத்துக்காரனான எனக்கு இது தூரத்துச் சங்கதி இல்லை. 1987 மார்ச் 15 அன்று மருதையாற்றுப் பாலத்தில் குண்டு வெடித்து மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. இறந்தவர்கள் சாதாரணப் பயணிகள். எந்தக் கோட்பாட்டாலும் அதைக் கழுவ முடியாது. தமிழ்நாடு விடுதலைப் படையின் தலைவர் தமிழரசனும் உடனிருந்தோரும் அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பொன்பரப்பியில், வங்கிக் கொள்ளையின்போது, அடித்துக் கொல்லப்பட்டார்கள். பொதுமக்கள் அடித்ததாக அரசுத் தரப்பு சொன்னது. கூட்டத்தில் மஃப்டி போலீசார் இருந்தார்கள் என்பது அவருடைய தோழர்கள் இன்றுவரை சொல்லிவருவது. நம்ம பக்கத்துப் பேச்சோ 'எவனோ போட்டுக் குடுத்துட்டான்யா' என்பதோடு முடிந்துவிடுகிறது. அந்த 'எவனோ'வைத் தேடிக்கொண்டிருக்கும்வரை, 'பொதுமக்கள்' என்ற சொல்லுக்குள் யார் யார் நின்றார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. பக்கத்து வீட்டுக்காரன்மேல் சந்தேகம் மட்டும் மிஞ்சுகிறது.

ஜெயமோகனின் 'துணைவன்' கதையை அடியொற்றி வெற்றிமாறன் எடுத்த 'விடுதலை' (2023, 2024) ரயில் கவிழ்ப்பில் தொடங்குகிறது. வாழ்க்கை வரலாறு என்று அது சொல்லிக்கொள்ளவில்லை. ஆயினும் ஒரு முக்கியமான இடமாற்றத்தைச் செய்கிறது. முதல் பாகத்தில் தலைவரைப் பிடிக்க உதவுபவன் இயக்கத்துக்குள் இருக்கும் துரோகி அல்லன். கடைநிலைப் போலீஸ்காரன் குமரேசன். போலீஸ் பிடியில் பெண்கள் சித்திரவதைப்படுவதை நிறுத்த அவனுக்குத் தெரிந்த ஒரே வழி அது. காட்டிக்கொடுத்தல் என்பது மனசிலிருந்து பிறப்பதில்லை, முகாமிலிருந்து பிறக்கிறது என்பதை இவ்வளவு வெளிப்படையாகச் சொன்ன தமிழ்ப் படங்கள் குறைவு.

ஹாம்ப்டன் கதையைப் படமாக்க முடிந்ததற்கு ஒரு காரணம், கோப்புகள் வெளியே வந்தது. 1971 மார்ச் 8 இரவு, பென்சில்வேனியாவின் மீடியா என்னும் ஊரில் எஃப்.பி.ஐ. அலுவலகத்துக்குள் புகுந்த சிலர் ஆவணங்களை அள்ளிவந்து பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். ஹாம்ப்டன் வழக்கில் 1982இல் 18.5 லட்சம் டாலர் இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டது. நாம் பூட்டை உடைக்கவேண்டியதில்லை. 20 ஆண்டு கடந்த நிகழ்ச்சிகளுக்கு விலக்குகளில் பலவும் செல்லாது என்கிறது 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவு. உளவுப் பிரிவுகளுக்கு விலக்களிக்கும் 24ஆம் பிரிவும் மனித உரிமை மீறல் குற்றச்சாட்டு என்றால் வழிவிட்டாக வேண்டும். பொன்பரப்பி பற்றிய மனுவை அங்கிருந்து எழுதத் தொடங்கலாம்.